தனியாக வந்தவர்கள்

தலைமை அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது முதுகுக்குப் பின்னால் வரும் கிசுகிசுப்பில் பலமுறை கேட்டிருக்கிறாள். பதினோரு வருடமாக வங்கிக் கிளைகளை ஆய்வு செய்வதுதான் வேலை. அவள் போய்விட்டு வந்த கிளைகளில் ஒன்பது, வருடம் திரும்புவதற்குள் இழுத்து மூடப்பட்டன. "நான் எங்க மூடினேன்? நம்பர் மூடிச்சு" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு அடுத்த கோப்பைத் திறப்பாள்.

அந்த வருடம் வாரியத்துக்கு ஒரு புது யோசனை பிறந்தது. லாபத்தையும் வைப்புத்தொகையையும் மட்டும் பார்த்து ஒரு கிளையை எடைபோடக் கூடாது, மற்றதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மற்றது என்றால் எது? அதைக் கண்டுபிடிக்க ஒரு குழு உட்கார்ந்து, நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்தது. வாடிக்கையாளர் எத்தனை நிமிடம் காத்திருந்தார், எத்தனை புகார் வந்தது, ஊழியர்கள் எத்தனை பயிற்சிக்குப் போனார்கள், விளம்பரங்கள் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்கின்றனவா. கேள்விக்கு ஐந்து மதிப்பெண். ஆக மொத்தம் இருநூறு.

"காசைத் தவிர மத்த எல்லாத்தையும் அளந்துட்டு வாங்க மேடம்" என்று பொது மேலாளர் படிவக் கட்டை அவள் கையில் கொடுத்தார்.

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "சிரிச்ச முகத்துக்கு எவ்வளவு மார்க்? பல்லு தெரிஞ்சா அஞ்சு, தெரியலைன்னா மூணரையா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கே இதுல நம்பிக்கை இல்ல. குடுத்த வேலைய முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

முதலில் போகச் சொன்ன கிளை ஏற்கெனவே மூடும் பட்டியலில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கிளைகளில் லாபக் கணக்கில் இருநூற்றெட்டாவது இடம். அதைவிட அவளை முகம் சுளிக்க வைத்தது வேறொரு எண். மற்ற கிளைகளில் ஒரு வாடிக்கையாளரின் வேலையை முடிக்கச் சராசரியாக ஆறு நிமிடம். இங்கே பத்தொன்பது.

டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் சரக்குக் கிட்டங்கி போலிருந்த கட்டடம். மாதக் கடைசி என்பதால் கூட்டமில்லை. அவள் ஸ்டாப்வாட்சும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்து மதிப்பெண்ணைக் குறைக்க ஆரம்பித்தாள். கவுன்டர் கண்ணாடியில் ஒரு விளம்பரம்கூட ஒட்டவில்லை: பூஜ்யம். டோக்கன் எண்ணை உரக்கச் சொல்லும் ஒலிபெருக்கி கழற்றப்பட்டு, அந்த இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு முழித்துக்கொண்டிருந்தது: பூஜ்யம். தேவைக்கு மேல் இரண்டு மடங்கு குழல்விளக்குகள், மின்கட்டணம் வேறு எகிறியிருந்தது: ஒன்று. ஆறு வருடத்தில் ஒரே ஒரு பயிற்சிக்குக்கூட யாரும் போகவில்லை. புகார்களின் எண்ணிக்கையும் ஆறு வருடமாகச் சுழி. அதில்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. எழுந்துபோய்ப் புகார்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், பூட்டை ஆட்டிப் பார்த்தாள். பூட்டு நன்றாகவே திறந்தது. உள்ளே ஒரு சிலந்திதான் குடியிருந்தது.

"ஸ்பீக்கரை ஏன் ரிப்பேர் பண்ணல?" என்று மேனேஜரிடம் கேட்டாள். ஐம்பது வயது மனிதர். பேசும்போது விரல்கள் மேசைமேல் சும்மா இருக்காது.

"ரிப்பேர் இல்ல மேடம். நாங்கதான் கழட்டி வெச்சோம்."

"எதுக்கு?"

"இங்க அதுக்கு வேலை இல்ல. நாளைக்குச் சம்பள நாள். கொஞ்சம் இருந்து பாருங்களேன்."

பதில் சொல்லத் தெரியாமல் மழுப்புகிறார் என்று நினைத்தாள். அன்று மாலை கூட்டிப் பார்த்தபோது இருநூற்றுக்கு எழுபத்தொன்று வந்தது.

மறுநாள் பேருந்து தாமதமாகி அவள் போய்ச் சேரும்போது பத்தேகால். கதவுக்கு வெளியே நின்று ஒரு கணம் குழம்பினாள். உள்ளே சத்தமே இல்லை. வேலைநிறுத்தமோ என்னவோ என்று நினைத்துக் கதவைத் தள்ளினாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. ஐம்பது பேருக்குக் குறையாது. யாரும் வாய் திறக்கவில்லை; ஆனால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகள் எழுந்தன, விரிந்தன, மடங்கின, ஒன்றையொன்று தொட்டு விலகின. ஒருவர் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, நடுவில் நின்ற பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். துணி உரசும் ஓசையும் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்டன. பொறி கலங்கியவள் போல் அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். கூட்டத்தின் நடுவே நிற்கிறோம் என்று கண் சொன்னது. ஆளில்லாத அறை என்று காது சொன்னது.

கவுன்டருக்கு அந்தப் பக்கமும் கைகள்தான். கல்லாவில் இருந்தவர் நோட்டை நீட்டிவிட்டு இரண்டு விரலால் ஏதோ கேட்டார். வாசல் காவலாளி ஒரு பெரியவருக்குப் படிவத்தின் வரிகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் கவுன்டரில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட பெண், எதிரில் இருந்த தம்பதியரின் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தாள் போலிருந்தது. மூன்று பேரின் ஆறு கைகளும் அவ்வளவு வேகமாகப் பறந்தன. சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டியதும் வரிசையில் அடுத்த ஆள் தானாக நகர்ந்தார்.

அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. கண்ணாடியில் விளம்பரம் ஒட்டினால் கை தெரியாது. வெளிச்சம் குறைந்தால் விரல் தெரியாது. நேற்று தான் வெட்டிய மதிப்பெண்ணையெல்லாம் எண்ணிப் பார்த்தபோது காது மடல் சூடாயிற்று.

கூட்டம் குறைந்த பிறகு மேனேஜர் டீ வரவழைத்தார். தெருவின் கடைசியில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. இயந்திரங்களின் இரைச்சல் காதைப் பிளக்கும். காது கேளாதவர்களை அங்கே விரும்பி வேலைக்கு எடுக்கிறார்கள்.

"பதினாலு வருஷம் முன்னாடி ஒரு அம்மா டோக்கன் வாங்கிட்டு மூணு மணி நேரம் இதே பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நம்பரை நாங்க பாட்டுக்குக் கத்தறோம், அவங்க பாட்டுக்கு உக்காந்திருக்காங்க. ஷட்டர் இறக்கும்போதுதான் காவலாளி கவனிச்சார். எங்களுக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல மேடம். மறுநாள் நாங்களே ஃபேக்டரிக்குப் போய், எங்களுக்குக் கத்துக் குடுங்கன்னு கேட்டோம். அந்த அம்மாவைப் பெட்டி அக்கான்னு கூப்பிடுவோம். இன்னைக்கு ஃபேக்டரியில அவங்கதான் சூப்பர்வைசர். வாரத்துல ரெண்டு நாள், ஷட்டர் இறக்கினப்புறம் அரை மணி நேரம் வகுப்பு. பதினாலு வருஷமா விடாம நடக்குது. புதுசா யார் மாத்தலாகி வந்தாலும் உக்காந்து கத்துக்கணும்."

"இத ஏன் தலைமை அலுவலகத்துக்கு எழுதல? பயிற்சிக் கணக்குல சுழி இருக்கே!"

"நீங்க யாரும் கேக்கலையே மேடம்" என்றார் மேனேஜர்.

சைகையில் அவர்கள் யாருடைய நிஜப் பெயரையும் சொல்வதில்லை, ஆளுக்கொரு அடையாளம். கல்லாக்காரர் மீசை முறுக்கு. இரண்டாம் கவுன்டர் பெண், மூக்கின்மேல் விரல் வைத்துத் தள்ளினால் கண்ணாடி. ஆய்வாளருக்கும் அன்று காலையிலேயே பெயர் வைத்தாகிவிட்டது என்று தெரிந்தது: கட்டை விரலால் காற்றில் ஸ்டாப்வாட்சை அமுக்குவது. கத்தரிக்கோலுக்கு இது எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் மூன்றே முக்காலுக்கு, கூடம் காலியாக இருந்தபோது, ஒரு ஆளும் ஒரு பெண்ணும் உள்ளே வந்தார்கள். ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு. பெண் அவனைவிடக் கொஞ்சம் மூத்தவள். துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் நின்ற இடத்தில் நின்றாள், அவன் உட்கார்ந்ததும் உட்கார்ந்தாள். மூலையில் ஆய்வாளர் ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்.

"இவங்க எங்க அண்ணி. காதும் கேக்காது, பேச்சும் வராது. எங்க அண்ணன் போயிட்டார். இவங்க பேர்ல இருக்கற டெபாசிட்டை முடிச்சு என் கணக்குக்கு மாத்தணும். நான்தான் எல்லாம் பாத்துக்கறேன்" என்று கண்ணாடியிடம் சொன்னான் அந்த ஆள். டெபாசிட் வேறு ஊர்க் கிளையில் போட்டது. எந்தக் கிளையிலும் முடித்துக்கொள்ளலாம் என்பது வங்கி விதி. அடையாள அட்டை இருந்தது, ரசீது இருந்தது, கையெழுத்து ஒத்துப்போனது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஆய்வாளர் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டாள். எல்லாம் சரி, ஆறு நிமிட வேலை.

கண்ணாடி அந்தக் காகிதங்களைத் தொடவில்லை. "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"கேட்டா எங்கங்க புரியப் போகுது? பள்ளிக்கூடமே போனதில்ல. எதுன்னாலும் நான் சொன்னாத்தான் உண்டு."

கண்ணாடி கையால் கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டினாள். வேறு மாதிரி கேட்டாள். அதற்கும் தலையாட்டினாள். "பாத்தீங்கல்ல, சம்மதம்ங்கறாங்க" என்றான் கொழுந்தன்.

கண்ணாடி சற்று நேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் தலைக்கு இரண்டு பக்கமும் விரலை நிறுத்திக் கொம்பு காட்டினாள். வாயை அசைபோட்டுக் காட்டினாள். இரண்டு கைகளையும் இறக்கையாக விரித்துக் கூரையைப் பார்த்து அடித்தாள். கடைசியில் புருவத்தை உயர்த்தி, 'அப்படித்தானே?' என்பதுபோல் பார்த்தாள்.

அந்தப் பெண் பணிவாகத் தலையாட்டினாள்.

கண்ணாடி எழுந்து மேனேஜரின் மேசைக்குப் போனாள். "சார், மாடு பறக்கும்ங்கறாங்க" என்றாள் மெதுவாக.

மேனேஜர் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒரு செய்தி தட்டினார். ஆய்வாளருக்கும் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடத்தில் எத்தனை படிவங்களைச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்! அவற்றுக்குப் பின்னால் எத்தனை தலைகள் இப்படி ஆடினவோ?

பத்து நிமிடத்தில் பெட்டி அக்கா வந்து சேர்ந்தார். நரைத்த தலை, நீல நிற வேலை அங்கி, முழங்கை வரை அட்டைத் தூசு. யாரையும் விசாரிக்காமல் நேராக வந்து, நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணுக்கு எதிரே முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்தார். படிவத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய துணிப்பையின் தையலைத் தொட்டு, 'நீயா தைத்தாய்?' என்பதுபோல் ஊசி குத்திக் காட்டினார். அந்தப் பெண் தலையாட்டப் போனாள், பாதியில் நிறுத்தினாள். அவருடைய காதைப் பார்த்தாள். பெட்டி அக்கா தன் காதைத் தொட்டு, 'இல்லை' என்று கையை விரித்தார். பிறகு அவளுடைய காதைத் தொட்டு அதையே செய்தார். நீயும் நானும் ஒன்று.

அந்தப் பெண்ணின் கைகள் பையை விட்டன.

அதன்பின் நடந்ததை ஆய்வாளர் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்ல முயன்றிருக்கிறாள். ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. அந்தக் கைகள் முதலில் திக்கின. ஒரு சைகை, நிறுத்தம், இன்னொரு சைகை. அது யாரும் படித்த மொழியல்ல. வீட்டுக்குள் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் புரிவதற்காக அவளே உண்டாக்கிக்கொண்ட மொழி. பெட்டி அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி, திருப்பிச் செய்து காட்டி, சரியா என்று கேட்டு, அடுத்ததற்குக் காத்திருந்தார். பிறகு மடை திறந்ததுபோல் வந்தது. அந்தப் பெண் பெரிய சக்கரம் ஒன்றைப் பிடித்துத் திருப்பினாள். லாரி. கணவன். சக்கரம் திரும்பியது, திரும்பியது. சட்டென்று கைகள் இரண்டும் நின்று, மெல்ல மடியில் விழுந்தன. யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

இரட்டைச் சடை காட்டினாள்: மகள். புத்தகம் விரித்தாள்: பள்ளிக்கூடம். படிவத்தைக் காட்டி மறுபடியும் புத்தகம் விரித்தாள். மகளைப் பள்ளியில் சேர்க்கும் காகிதம் என்று சொல்லித்தான் அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான்.

பெட்டி அக்கா ஒரு தாளில் வீடு வரைந்தார். உள்ளே அவளையும் மகளையும், பக்கத்தில் நோட்டுக்கட்டையும் வரைந்தார். நோட்டுக்கட்டிலிருந்து ஒரு அம்பு கிளம்பிக் கொழுந்தனிடம் போனது. அந்தப் பெண் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை அம்பின்மேல் வைத்து அழுத்தினாள். மற்றொரு கையால் சக்கரத்தைத் திருப்பிக் காட்டித் தன் மார்பைத் தட்டினாள். கொழுந்தனைப் பார்த்து, இடமும் வலமுமாக, நிதானமாகத் தலையசைத்தாள்.

உள்ளே வந்ததிலிருந்து அவள் முதன்முறையாகச் சொன்ன 'இல்லை' அது.

"இது எங்க குடும்ப விஷயம்! நீங்க யாரு நடுவுல?" என்று கொழுந்தன் எகிறினான். "தலைமை அலுவலகத்துல புகார் குடுக்கறேன். வேலைக்கு உலை வெச்சுடுவேன்!"

ஆய்வாளர் எழுந்து முன்னால் வந்தாள். "நான்தான் தலைமை அலுவலகம். எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன்."

விட்டுக்கொடுக்காமல் எழுதியும் கொடுத்தான். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். அந்தக் கிளையில் ஆறு வருடத்தில் வந்த முதல் புகார். அந்தப் பெண்ணைச் சொந்த அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட பெட்டி அக்காவும் காவலாளியும் கூடப் போனார்கள். நேரடியாக அவளிடமே கேட்டு உறுதி செய்யாமல் எந்தப் பணமும் நகரக் கூடாது என்று மேனேஜர் கணக்கில் தடை போட்டார். ஆய்வாளர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். நாற்பத்தேழு நிமிடம். முடிந்த பரிவர்த்தனை: ஒன்றுமில்லை.

தலைமை அலுவலகக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பொது மேலாளர் மட்டும் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "மனசைத் தொடுது மேடம், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு கதைய வெச்சு ஒரு கிளைய நடத்த முடியுமா? நடக்காமப் போன ஒண்ணை எந்தக் கட்டத்துல எழுதறது? எனக்கு ஒரு நம்பர் குடுங்க."

அவளால் கோபப்பட முடியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கணவரிடம் புலம்பினாள். அவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. "நடக்காதத எண்ண முடியாதுதான். ஆனா அது நடக்காம இருக்கணும்னா, வேற ஏதோ ஒண்ணு அங்க வித்தியாசமா நடக்கணுமில்ல? அது என்னன்னு பாரு. அத எண்ணு."

கையில் தட்டோடு நின்றாள். சம்பள நாள் காலை கண்முன் வந்தது. கூடம் நிறைய ஆட்கள். அவர்களில் ஒருவராவது, தனக்காகப் பேச இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்களா?

இந்தக் கிளை உட்பட மூன்று கிளைகளில், ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணினாள். காது கேளாதவர், கண் தெரியாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வந்தவர்களில் எத்தனை பேர் துணையோடு வந்தார்கள், எத்தனை பேர் தனியாக வந்து தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும் குறித்தாள்.

இந்தக் கிளையில் எண்ணிய வாரத்தின் வியாழக்கிழமை, அந்தப் பெண் வந்தாள். இரண்டு பேருந்து மாறி வர வேண்டிய தூரம். கூட யாருமில்லை. கணக்கை இந்தக் கிளைக்கே மாற்றிக்கொண்டிருந்தாள். நேராகக் கண்ணாடியிடம் போய் உட்கார்ந்தாள். கண்ணாடி தலைக்கு மேல் கொம்பு வைத்து இறக்கை அடித்துக் கேட்டாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு தன் பணம் எவ்வளவு இருக்கிறதென்று காட்டச் சொன்னாள். தன் பெயரில் உள்ள எண்ணை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. கண்ணாடி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் ஒவ்வொரு இலக்கமாக விரலால் தொட்டுப் பார்த்தாள். மூலையில் இருந்த ஆய்வாளர் தாளில் 'தனியாக' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

எண்ணிக்கை கூட்டத்துக்குப் போனது. முதல் கிளையில் ஐம்பத்தெட்டுப் பேர் வந்ததில் நாற்பத்தொரு பேர் துணையோடு. இரண்டாவதில் முப்பத்தாறில் இருபத்தொன்பது. இந்தக் கிளையில் நூற்று அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். துணையோடு வந்தவர்கள் நான்கு பேர்.

பொது மேலாளர் தாளை இரண்டு முறை படித்தார். "அந்த நாலு பேர்?"

"ரெண்டு பேர் கைக்குழந்தையத் தூக்கிக்க ஆள் கூட்டிட்டு வந்தாங்க சார். ஒருத்தர் புதுசாக் கல்யாணம் ஆனவர், மனைவிய எல்லாருக்கும் காட்ட வந்தார். நாலாவது ஆள் எதுக்குத் துணையோட வந்தார்னு எனக்குத் தெரியல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை. "நாம நூறு வருஷமா கூட்டத்த எண்ணியிருக்கோம். யாரெல்லாம் தனியா வர முடிஞ்சுதுன்னு ஒரு நாளும் எண்ணலையே" என்றார், பாதி தனக்குத்தானே.

படிவத்தில் நாற்பத்தொன்றாவது கேள்வி சேர்ந்தது. பன்னிரண்டு கிளைகளில் ஒரு வருடம் வைத்துப் பார்ப்பதாக முடிவாயிற்று. அந்தக் கிளையை மூடும் பட்டியலிலிருந்து இரண்டு வருடத்துக்கு எடுத்தார்கள். அதற்குமேல் வாக்குறுதி தரவில்லை. லாபத்தில் ஒரு படி ஏறியும் அது இன்னும் இருநூற்றேழாவது இடத்தில்தான் இருக்கிறது.

மாதத்தில் ஒரு நாள், ஆய்வு இல்லாத நாளில், அவள் அந்தக் கிளைக்குப் போகிறாள். ஷட்டர் இறங்கியதும் பெட்டி அக்காவின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். விரல்கள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஒருமுறை 'நன்றி' சொல்லப் போய் வேறு ஏதோ சொல்லிவிட்டாள். மீசை முறுக்கு சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழாத குறை. பெட்டி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைப் பிரித்து, இப்படி இல்லை, இப்படி என்று மறுபடியும் வைத்துக் காட்டுகிறார். அவள் மறுபடியும் செய்கிறாள்.